சுவருக்கு வெளியே வந்த மின்சாரம்

வாசலில் நிற்கும் வண்டிக்கு வீட்டிலிருந்து மின்சாரம் கொடுப்பது இன்றைக்கு முளைத்த தேவை போலத்தான் தோன்றும். படப்பிடிப்புக்கு வரும் கேரவன், உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிய வேன், சார்ஜ் ஏற்ற வேண்டிய மின்சார கார் எல்லாமே அண்மைக் காலத்து வரவுகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து, வண்டியை நிறுத்தித் தண்ணீரும் மின்சாரமும் எடுத்துக்கொள்ளும் பூங்காக்களை வாகமண் போன்ற மலையூர்களில் தொடங்கிவைத்தது. மலைக்கு இந்தப் பக்கம் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்களின் வண்டிகளும் நிற்கிற சாலை அது. “வெளியில ஒரு பிளக் பாயின்ட் எடுத்துக் குடுங்க” என்று வயர்மேனிடம் கேட்பவர்கள் இனி கூடத்தான் செய்வார்கள். ஆனால் சுவருக்கு வெளியே, மழைக்கும் மண்ணுக்கும் நடுவே மின்சாரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்த வட்டாரத்துக்குப் புதிதே அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக அதைத்தான் செய்துவருகிறோம். அந்தப் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது கிணற்றடி மோட்டார். அது மோட்டாரைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்த அளவுக்கு மோட்டாரைத் தொடுகிற ஆளைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்கவில்லை. வாசலில் நிற்கும் வண்டிக்கு இணைப்புக் கொடுக்குமுன் இந்தக் குறையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னை மாகாண அரசு மின்சாரத்துக்கெனத் தனித் துறையை 1927-ல் அமைத்தது. 1932-ல் நீலகிரியின் பைக்காரா, 1937-ல் மேட்டூர், 1944-ல் தாமிரபரணியின் பாபநாசம் என்று நீர்மின் நிலையங்கள் வரிசையாக எழுந்தன. தென்கோடி மாவட்டங்களின் மின்சார வரலாறு பெரும்பாலும் பாபநாசத்தோடு சேர்ந்தது. தொடக்க காலத்தில் இந்த மின்சாரத்துக்காகக் காத்திருந்தவை ஆலைகள். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து நூற்பாலைகளும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும் இந்த வட்டாரத்தை ஒரு தொழில் ஊராக்கின. ஆலைக்குள் மின்சாரம் வருவது ஒரு விதம். அங்கே கூரை உண்டு, சிமென்ட் தரை உண்டு, எலக்ட்ரீஷியன் என்று சம்பளத்துக்கு ஓர் ஆள் உண்டு, பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியும். அதே மின்சாரம் 1950-களில் கிணற்றடிக்கு நடந்தபோது இந்த நான்கும் கூட வரவில்லை.

அதுவரை கமலையில் மாடு பூட்டி இறைத்தார்கள். வசதி உள்ளவர்கள் ஆயில் இன்ஜின் வைத்திருந்தார்கள். 1957 ஜூலையில் சென்னை மாநில மின்சார வாரியம் அமைந்தது. காமராஜர் முதல்வராக இருந்த அந்த ஆண்டுகளில் கம்பிகள் கிராமங்களை நோக்கி ஓடியது, பல இடங்களில் கிணறுகளைத் தேடித்தான். பம்புசெட்டுக்கு மின்சாரம் கொடுப்பதில் நாட்டுக்கே முன்னால் நின்ற மாநிலம் இது. இன்று விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கு மேல். குடிசைகளுக்கு ஒரு விளக்கு என்ற திட்டம் 1970-களின் கடைசியில்தான் வந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏராளமான குடும்பங்களுக்கு மின்சாரத்தோடு முதல் பழக்கம் வீட்டுக்குள் ஏற்படவில்லை. வெட்டவெளியில், ஈரக் கையோடு, வெறுங்காலில், மோட்டார் கொட்டகையின் வாசலில் ஏற்பட்டது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் இந்தியாவிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டியதிலிருந்து மோட்டார் நம் ஊர்ச் சரக்காகிவிட்டது. ரீவைண்டிங் கடை இல்லாத சந்தை ஊர் இல்லை. மோட்டாரைப் பற்றிய அறிவு அவ்வளவு ஆழமாக இங்கே இறங்கியிருக்கிறது.

அந்தக் கொட்டகைக்குள் என்ன இருக்கும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கம்பத்திலிருந்து சர்வீஸ் வயர் வந்து ஒரு பலகையில் இறங்கும். பலகையில் மூன்று ஃபியூஸ் கட்டை, ஒரு மெயின் ஸ்விட்ச். அதற்குக் கீழே ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டருக்குள் இரண்டு காவலாளிகள்: மின்சாரம் போனால் மோட்டாரை விடுவித்துவிடும் காயில் ஒன்று, மோட்டார் அளவுக்கு மீறி இழுத்தால் விழும் ஓவர்லோடு ரிலே மற்றொன்று. இப்போது ஒரு ஃபேஸ் போனால் நிறுத்தும் கருவியும், வறண்ட கிணற்றில் ஓடாமல் தடுக்கும் கருவியும் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் காப்பது மோட்டாரின் காயில் கம்பியைத்தான். ஆளுக்கென்று இருப்பது எர்த் ஒன்றே. கொட்டகைக்கு வெளியே குழி தோண்டி, துளை போட்ட ஜி.ஐ. பைப்பை நிறுத்தி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல் வைப்பது முறை. பைப் இரண்டரை மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் மோட்டாரின் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் கேட்டன. கொட்டகைகளில் ஒன்று இருந்தாலே பெரிது. இரண்டாவது இருக்கும் இடத்தில் அது பலமுறை அதே பைப்பில் சுற்றிய இன்னொரு கம்பிதான்.

எர்த் நன்றாக இருந்தாலே போதாதா, நம் பெரியவர்கள் அதை நம்பித்தானே காலம் தள்ளினார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு வயரின் தோல் உரிந்து இரும்புப் பெட்டியைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு வந்தது 230 வோல்ட். எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால் மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் 11.5 ஆம்பியருக்கு மேல் போகாது. 5 குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய ஏழரை ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நேரத்தில் அதைப்போல் ஆறு மடங்கு இழுக்கும். அந்தக் கிளம்பு வேகத்தைத் தாங்க வேண்டும் என்பதற்காக ஃபியூஸ் கம்பியைத் தடிமனாகப் போட்டிருப்பார்கள். அந்த ஃபியூஸுக்கு 11.5 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. கசிவு மோட்டாருக்குள் இருந்தால் ஓவர்லோடு ரிலேயாவது சற்று நேரம் கழித்து விழக்கூடும். ஸ்டார்ட்டருக்கு முன்னால், மெயினிலேயே கசிந்தால் அதற்கும் தெரியாது. பெட்டியின் உடம்பில் ஏறிய மின்சாரம் ஏறியபடியே நிற்கும். கசிவின் பெரும்பகுதி எர்த்தில் போகிறது என்பது உண்மை. ஆனால் பெட்டியைத் தொடுகிறவர் மீதும் அதே அழுத்தம் விழுகிறது. ஈர உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று கொண்டால் அவர் வழியாக 200 மில்லியாம்பியருக்கும் மேலே பாயும். இதயத்தை நிறுத்த அதில் ஒரு பங்கே போதும்.

மண் இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்கும். ராஜபாளையத்துக்குக் கிழக்கே போனால் கரிசல். மேற்கே மலையை நெருங்க நெருங்கச் செம்மண்ணும் சரளையும், அதற்கடியில் பாறையும். கரிசல் ஈரமாக இருக்கும்வரை மின்சாரத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். கோடையில் அது வெடிக்கும்போது பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். சரளை எப்போதுமே நன்றாக வாங்காது. ஃபியூஸ் போகிற அளவுக்குத் தடையைக் குறைக்க வேண்டுமானால் நாலைந்து ஓமுக்கும் கீழே கொண்டுவர வேண்டும். மலையடிவாரத்துத் தோட்டத்தில் ஒற்றைக் குழியை வைத்துக்கொண்டு அது நடக்காது. போதாததற்கு, நியூட்ரல் அறுந்துவிட்டால் எர்த் கம்பியையே நியூட்ரலாக்கிக் கொட்டகை பல்பை எரிக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்த இடத்தில் குழி வறண்டுபோனாலோ கம்பி கழன்றாலோ பல்பின் வழியாக மோட்டாரின் உடம்பே உயிர்பெற்றுவிடும். காப்பாற்ற வைத்த கம்பியே ஆளைக் கொல்லும் வழியாகிறது. பெரியவர்கள் பிழைத்தது எர்த்தின் பலத்தால் என்பதைவிட, காய்ந்த கட்டையின் மேல் நின்று, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புறங்கையால் பெட்டியைத் தட்டிப் பார்த்துப் பிறகு கைப்பிடியைப் பிடித்த அவர்களுடைய எச்சரிக்கையால்தான். அந்த எச்சரிக்கையை மதிக்கிறேன். ஒரு குழந்தையிடமோ முதன்முறை தோட்டத்துக்கு வரும் விருந்தாளியிடமோ அதை எதிர்பார்க்க முடியாது.

புறங்கைக்கு ஓர் அறிவியல் காரணமும் உண்டு. அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தன்னார்வலர்கள் கையில் பிடித்த கம்பியில் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, எந்த அளவில் கையை விடமுடியாமல் போகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் போனால் விரல்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். மின்சாரம் இழுத்துப் பிடித்துக்கொண்டது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஒரு ஃபியூஸ் பார்க்கும் அளவுக்கும் ஒரு கை தாங்கும் அளவுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு தூரம். இந்தத் தூரத்தைக் கடக்க வேறொரு தத்துவம் வேண்டியிருந்தது. எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளப்பதற்குப் பதில், போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்ததா என்று பார்ப்பது. போனதில் ஒரு துளி குறைந்தாலும் அது வேறெங்கோ, ஒருவேளை ஓர் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள், உடனே நிறுத்திவிடு. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஈரத்தில் நின்று வேலை செய்தவர்கள் மின்சாரம் தாக்கிச் சாவதைப் பார்த்து ஹென்றி ரூபின் 1950-களின் நடுவில் இந்தத் தத்துவத்தில் நுட்பமான கருவி ஒன்றைச் செய்தார். ஆஸ்திரியாவில் காட்ஃப்ரீட் பீகல்மையர் அதே காலத்தில் அதே வழியில் போனார். டால்ஸீல் 1961-ல் வீட்டுக்கு ஏற்றபடி சிறியதாக ஒன்றைச் செய்துகாட்டினார். நாம் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் என்றும், இப்போது ஆர்.சி.டி. என்றும், ஆர்.சி.சி.பி. என்றும் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான்.

அமெரிக்க மின் விதித்தொகுப்பு இந்தக் கருவியை முதலில் எங்கே கட்டாயமாக்கியது என்பது இந்த வாதத்துக்கு முக்கியம். நீச்சல் குளத்து விளக்குகளை அடுத்து அது கைவைத்தது வீட்டுக்கு வெளியே உள்ள பிளக் பாயின்ட்டில். 1971-ம் ஆண்டுத் தொகுப்பில் வந்து 1973 ஜனவரியிலிருந்து நடைமுறையானது. குளியலறையும் சமையலறையும் பிறகுதான். கூரை இல்லாத இடத்தில்தான் ஆபத்து முதலில் கூடுகிறது என்று அங்கே கண்டுகொண்டார்கள். அதே 1960-களிலும் 70-களிலும்தான் தமிழ்நாட்டில் பம்புசெட்டுகள் லட்சக்கணக்கில் பெருகின. உலகத்திலேயே கூரைக்கு வெளியே அதிக மின் இணைப்பு வைத்திருந்த சமூகங்களில் ஒன்று நாம். அந்தக் கருவியின் தேவை முதலில் உறைத்திருக்க வேண்டியது நமக்குத்தான். உறைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1956 விதிகளோடு பின்னாளில் 61ஏ என்ற விதி சேர்ந்தது. 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு வீட்டிணைப்புகளை விட்டுவிட்டு, 250 வோல்ட்டுக்கு மேற்பட்டவை உள்ளிட்ட மற்ற இணைப்புகளுக்குக் கசிவைக் கண்டு உடனே துண்டிக்கும் கருவி வேண்டும் என்றது அது. மூன்று ஃபேஸ் மோட்டார் 400 வோல்ட்டில் ஓடுவது. ஆகவே ஏட்டின்படி அதற்கும் இந்தக் கருவி வேண்டியதே. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறையிலும் இது தொடர்ந்தது. கொட்டகைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குப் பலர் சட்டென்று சொல்லும் காரணம் இலவச மின்சாரம். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் போனது. மீட்டர் பார்க்க ஆள் வருவது நின்றது. கேட்பாரற்றுக் கொட்டகைகள் பாழடைந்தன என்பது அந்த வாதம். கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாதத்துக்கொரு முறையாவது ஒரு வாரியப் பணியாளரின் கண் பட்ட இடத்தில் அது பின்னர் படவில்லை. ஆனால் குறை அதற்குமுன்பே முழுசாக இருந்தது. காசு கட்டிய 1960-களின் கொட்டகையிலும் ஃபியூஸ், ஸ்டார்ட்டர், எர்த் தவிர வேறு எதுவும் இல்லை. இணைப்புக் கேட்டவரிடம் வாரியம் கேட்டது மோட்டாரின் குதிரைசக்தி, கிணற்றின் பட்டா, வயர்மேனின் சான்று. மோட்டார் கம்பெனி விற்றது மோட்டாரின் ஆயுளை. விவசாயி பயந்தது மோட்டார் எரிந்து பயிர் வாடுவதற்கு. மும்முனை மின்சாரம் நிற்கும் நேரங்களில் கண்டன்சர் போட்டு இரண்டு ஃபேஸில் மோட்டாரை ஓட்டும் உத்தி ஊர் ஊராகப் பரவியதைப் பாருங்கள்: தேவை என்று பட்டால் புதிய கருவியைக் கற்று, வாங்கி, மாட்டிக்கொள்ள நம் விவசாயிகளுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. ஆளைக் காக்கும் கருவியை யாரும் கொண்டுவந்து விளக்கிச் சொல்லவில்லை. இலவசத்தின் மேல் பழியைப் போடுவது சுலபம். அது வரலாற்றின் வரிசையை மாற்றிவிடுகிறது.

இந்தக் குறையின் மிகக் கொடிய விளைவு மோட்டாரில் இல்லை, வேலியில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற மலை அணில் சரணாலயமானது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. காட்டை ஒட்டிய தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் செய்யும் நாசம் பெரியது. ஒரே இரவில் ஒரு வருடத்து உழைப்பு போய்விடும். அந்தக் கோபம் நியாயமானது. மலையடிவார மாவட்டங்கள் பலவற்றில் சிலர் மோட்டார் கொட்டகையிலிருந்தே ஒரு கம்பியை இழுத்து வயலைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். பன்றி மட்டுமா சாகிறது? யானை சாகிறது, விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டக்காரர் சாகிறார், சில சமயம் கட்டியவரே சாகிறார். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது; விட்டு விட்டுத் துடிப்பாகப் பாயும் வேலிக்கு வழியிருக்கிறது, லைன் மின்சாரத்தை நேரே விடுவது குற்றம். இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கவனிக்க வேண்டும். கொட்டகையின் மெயினில் கசிவு பார்க்கும் பிரேக்கர் ஒன்று இருந்தால், அதன் வழியே நேர் மின்சார வேலியை நடத்தவே முடியாது. வெட்டவெளியில் கட்டிய கம்பி புல்லிலும் பனியிலும் குச்சியிலும் ஓயாமல் கசியும். பிரேக்கர் நிமிடத்துக்குள் விழுந்துவிடும். கெட்ட எண்ணம் கொண்டவர் பிரேக்கருக்கு முன்னாலிருந்தோ, நேரே கம்பத்தில் கொக்கி போட்டோ எடுப்பாரே என்று கேட்டால், எடுப்பார்தான். ஆனால் அதற்குத் துணிகிறவர்கள் கொஞ்சம் பேர். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கம்பி இருக்கிறது என்பதாலேயே செய்கிறவர்களே அதிகம்.

ஆளைக் காக்க மின்சாரத்தை நிறுத்துவது என்ற எண்ணம் நம் பண்பாட்டுக்கு அந்நியமானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடுகிறது. உயரமான அந்தத் தேர் நிலையைவிட்டுக் கிளம்புமுன் ரதவீதிகளில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வடம் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் விளக்கு எரியவில்லையே, கடையில் ஃபேன் ஓடவில்லையே என்று யாரும் முணுமுணுப்பதில்லை. நிறுத்தத் தவறினால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் கண்டோம்: அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையில், தென்திருப்பதி என்று மக்கள் கொண்டாடும் சீனிவாசப் பெருமாள் கோயில் மலையில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும். இப்படி எந்தக் கோயில் விழாவாக இருந்தாலும் அடிவாரத்தில் முளைக்கும் கடைகளுக்கும் பந்தலுக்கும் மின்சாரம் போவது தற்காலிக இணைப்பில்தான்: கம்பில் கட்டிய டியூப் லைட், தகரப் பந்தலின் மேல் படுத்திருக்கும் வயர், டேப் சுற்றிய ஒட்டு. ஓரிரு வாரத்தில் கழற்றிவிடப் போகிறோம் என்பதால் எர்த்தே இருக்காது. புரட்டாசி என்றால் மழைக்காலம் தொடங்கும் மாதம் வேறு. தேருக்கு லைன்மேன் நின்று செய்வதை இங்கே ஒவ்வொரு கடைக்கும் நின்று செய்ய ஆளில்லை. அந்த லைன்மேனின் வேலையைத்தான் அந்தச் சிறு கருவி நொடியில் முப்பதில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில் செய்து முடிக்கிறது.

வயர்மேன்களும் விவசாயிகளும் சொல்லும் ஒரு மறுப்பு வலுவானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பழைய மோட்டாரில் இன்சுலேஷன் தளர்ந்திருக்கும், போர்க்குழிக்குள் இறங்கும் கேபிளில் எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும், இடி மின்னலுக்கும் பிரேக்கர் விழும். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் அது விழுந்து கிடந்தால் அன்றைய பாய்ச்சல் போச்சு. இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது நாள் அதைத் தாண்டி நேராகக் கம்பி போட்டுவிடுவார்கள். உண்மை. 30 மில்லியாம்பியர் பிரேக்கரைப் பழைய மோட்டாருக்கு மாட்டுவது அதைக் கழற்றி எறிய வைப்பதற்குச் சமம். மோட்டாருக்கு 100 மில்லியாம்பியரோ, வேண்டுமானால் அதற்கு மேலோ வைத்து, கொட்டகையின் பல்புக்கும் பிளக்குக்கும் மட்டும் 30 வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த 100 ஒரு நேரடித் தொடுகைக்கு முழுக் காவலாகாது என்பது தெரிந்ததே. ஆனால் கசிந்த பெட்டி நாள்கணக்கில் உயிரோடு நிற்பதை அது விடாது. முன்னே போட்ட கணக்கில் எர்த்தில் இறங்கிய 11.5 ஆம்பியர் அதைப்போல் நூறு மடங்குக்கு மேல். தடை அதிகமான சரளைக் குழியே போதும்; எர்த்துக்கு அந்தப் பிரேக்கரும், பிரேக்கருக்கு அந்த எர்த்தும் துணை. செலவைப் பற்றிச் சொன்னால், ஒருமுறை ரீவைண்டிங் செய்யக் கொடுக்கும் காசைவிட அது அதிகமில்லை.

இந்தத் துணை உறவை உலகத்தில் கேரவன்களுக்கென்றே விதியாக எழுதியிருக்கிறார்கள் என்பது இங்கே கவனிக்கத் தக்கது. பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த்தும் மின் நிறுவனத்தின் நியூட்ரலோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்த எர்த்தைக் கேரவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வழியில் நியூட்ரல் அறுந்தால் கேரவனின் உலோக உடம்பு முழுவதும் உயிர்பெறும். ஈரப் புல்லில் நின்று கதவைத் திறப்பவர் மாட்டிக்கொள்வார். ஆகவே வண்டிக்கெனத் தனியாக மண்ணில் ஒரு கம்பி இறக்கி, 30 மில்லியாம்பியர் கருவியும் வைக்க வேண்டும். தனி எர்த் குழி என்ற பாதியை நம் வீடுகள் தொடக்கத்திலிருந்தே வைத்திருக்கின்றன. இங்கே அது ஒவ்வொரு வீட்டுக்காரரின் பொறுப்பு. மற்றப் பாதிதான் 60 ஆண்டுகளுக்கு மேல் காணாமல் இருந்தது. 2022-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மின் வழங்கல் தொகுப்பைத் திருத்தி, வீடுகளுக்கும் கசிவு பார்க்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. வீட்டுக்கு 30 மில்லியாம்பியர். 5 கிலோவாட் என்ற பழைய வாசலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற சிறு வீடும் இப்போது அந்தக் காவலுக்குள் வந்துவிட்டது.

ஆக, ராஜபாளையத்தில் ஒருவர் தம் வாசலில் வண்டிக்கு இணைப்பு எடுக்கும்போது கிணற்றடியின் பழக்கத்தை அப்படியே முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. ஹாலில் உள்ள பிளக்கிலிருந்து ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டியை வெளியே வைப்பது கொட்டகைப் பழக்கத்தின் நேர் வாரிசு. வீட்டு மெயின் போர்டிலிருந்து தனி சர்க்யூட் எடுத்து, அதற்கென்று 16 ஆம்பியர், 30 மில்லியாம்பியர் பிரேக்கர் ஒன்று வைத்து, கவசம் போட்ட கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் பதித்து, மழை புகாத மூடியுள்ள நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டில் முடிக்க வேண்டும். 16 ஆம்பியர் என்றால் மூன்றரை கிலோவாட்டுக்குச் சற்று மேல், ஏ.சி.யும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் அதுவே எல்லை. வண்டிக்குப் போகும் வயரை உருளையில் சுற்றியபடி விடாமல் முழுவதும் பிரித்துப் போட வேண்டும், சுற்றிய வயர் சூடேறி உருகும். எர்த் குழியை வயர்மேனை வைத்து மீட்டரில் அளந்து, சித்திரை வெயிலில் ஒருமுறையும் ஐப்பசி மழையில் ஒருமுறையும் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். பிரேக்கரில் டி என்று போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத பிரேக்கரை அன்றே கழற்றி மாற்ற வேண்டும், அதுவரை வண்டிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அதே வயர்மேன் வந்திருக்கும்போது தோட்டத்துக்கும் கூட்டிப்போய் ஸ்டார்ட்டர் பலகைக்கு மேலே நான்கு போல் கொண்ட 100 மில்லியாம்பியர் பிரேக்கர் ஒன்றையும் மாட்டச் சொல்லலாம். அரை நாள் வேலைகூட இல்லை.